அணுக்கருவின் மாடிப்படிகள்

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய துணைவியாருக்கு அப்போது கோபால்ட் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "சார், அந்தக் கதிர் உடம்பிலேயே தங்கிவிடுமா? பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் அந்தத் துறையில் இருந்தவராயிற்றே, அதனால் கேட்கிறேன்" என்றார். தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். வெளியே உள்ள இயந்திரத்திலிருந்து பாய்ச்சும் காமாக் கதிர் விளக்கு வெளிச்சம் மாதிரி. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிச்சம் இருப்பதில்லை. (கதிரியக்க அயோடினை விழுங்கச் செய்யும் தைராய்டு சிகிச்சை வேறு. அங்கே டாக்டர் சொல்லும் நாட்கள் வரை குழந்தைகளிடமிருந்து விலகித்தான் இருக்கவேண்டும்.) அன்பரின் முகம் தெளிந்தது. பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கினார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருடம் காமா அளவிகளோடு குப்பை கொட்டிய பழக்கம் விடவில்லை. "கோபால்ட் கதிர் என்பது பெயருக்குத்தான் சார். உண்மையில் அது நிக்கலிலிருந்து வருகிறது" என்றேன். "அப்படியா?" என்று அவர் திரும்புவதற்குள் மோர் வந்துவிட்டது. மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, பந்தியில் நின்றுபோன அந்தப் பேச்சைத் தொடரலாமே என்று தோன்றியது.

கோபால்ட்-60 இயற்கையில் கிடைப்பதில்லை. சாதாரணக் கோபால்ட் உலோகத்தை அணு உலைக்குள் வைத்தால் அதன் கரு ஒரு நியூட்ரானை விழுங்கிக் கோபால்ட்-60 ஆகிறது. நம் நாட்டில் ராஜஸ்தானத்து ராவத்பாட்டா உலைகளில் இதைத் தயாரிக்கிறார்கள். இந்தக் கருவில் 27 புரோட்டான்கள், 33 நியூட்ரான்கள். இது நிலைத்து நிற்கும் கூட்டணி அல்ல. எப்போதாவது ஒரு கணத்தில் உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது; மாறும்போது ஓர் எலெக்ட்ரானும், கண்ணுக்கும் கருவிக்கும் அநேகமாக அகப்படாத ஓர் எதிர் நியூட்ரினோவும் வெளியே ஓடுகின்றன. அந்த எலெக்ட்ரானைத்தான் பீட்டாத் துகள் என்றும், இந்த மாற்றத்தைப் பீட்டாச் சிதைவு என்றும் சொல்கிறோம். இருக்கும் கருக்களில் பாதி இப்படி மாற 5.27 ஆண்டுகள் ஆகும். மாறியபின் மிஞ்சுவது 28 புரோட்டான், 32 நியூட்ரான். அது கோபால்ட் அல்ல, நிக்கல்-60.

பிறந்த நிக்கல் சாந்தமாகப் பிறப்பதில்லை. மூன்று மாடி வீட்டின் உச்சியில் பிறந்த குழந்தை மாதிரி அதிக ஆற்றலோடு பிறக்கிறது. அங்கிருந்து தரைக்கு வர இரண்டு படி இறங்கவேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் மிச்ச ஆற்றலை ஒரு காமாக் கதிராக எறிகிறது. எங்கள் கணக்குப்படி உச்சி மாடியின் உயரம் 2505 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். (இனிமேல் கி.எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன், ஆற்றலை எண்ணுவதற்கு எங்களுக்கு அதுதான் நாணயம்.) இடை மாடி 1332. ஆகவே முதல் இறக்கத்தில் 1173, இரண்டாவதில் 1332. இந்த இரண்டு காமாக் கதிர்கள்தாம் கோபால்ட் இயந்திரத்திலிருந்து வந்து புற்றுக்கட்டியைத் தாக்குகின்றன. பீட்டாத் துகள் மூலப்பொருளின் உலோக உறையைக்கூடத் தாண்டுவதில்லை.

மாடி என்று நான் சொல்வது ஆற்றல் மட்டத்தை. அணுக்கருவுக்கு எந்த ஆற்றலும் இருக்கலாம் என்பதில்லை. குறிப்பிட்ட சில மட்டங்களே அனுமதி. நிக்கல்-60க்கு ஒரு படிக்கட்டு, நிக்கல்-62க்கு வேறு, செனானுக்கு முற்றிலும் வேறு. இந்தப் படிக்கட்டின் அமைப்பை வைத்துத்தான் உள்ளே புரோட்டான்களும் நியூட்ரான்களும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, கரு உருண்டையா, நீண்டதா, தட்டையா என்பதையெல்லாம் ஊகிக்கிறோம். நிக்கல் கருவின் விட்டம் ஒரு சென்டிமீட்டரில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை எந்த நுண்ணோக்கியிலும் வைத்துப் பார்க்க முடியாது. அதிலிருந்து விழும் காமாக் கதிர்களைப் பொறுக்கி எடுத்து, எது எந்தப் படியிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிப்பதே வழி.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். கோபால்ட்-60க்கும் நிக்கல்-60இன் தரை மட்டத்துக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் 2823 கி.எ.வோ. அத்தனையையும் எலெக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் எடுத்துக்கொண்டு, நிக்கல் நேரே தரையில் பிறந்திருக்கலாமே? பொதுவாக அதிக ஆற்றல் கிடைக்கும் வழியில்தான் பீட்டாச் சிதைவு வேகமாக நடக்கும். இங்கோ 1000இல் 998க்கு மேற்பட்ட கருக்கள் வெறும் 318 கி.எ.வோ.வை மட்டும் செலவழித்து உச்சி மாடிக்கே போகின்றன.

காரணம் சுழற்சி. ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு சுழற்சி எண் உண்டு. கோபால்ட்-60க்கு 5. நிக்கலின் தரை மட்டத்துக்கு 0, இடை மாடிக்கு 2, உச்சி மாடிக்கு 4. பீட்டாச் சிதைவு சுலபமாக எடுத்துச் செல்லக்கூடிய சுழற்சி வேறுபாடு ஒன்றுதான். ஐந்திலிருந்து நாலுக்குப் போகும் கதவு திறந்திருக்கிறது. ஐந்திலிருந்து பூஜ்யத்துக்குப் போகும் கதவு ஏறக்குறைய பூட்டியே கிடக்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால் எங்கள் தொழில். முன்பின் தெரியாத ஒரு கருவின் பீட்டாச் சிதைவை அளக்கிறோம். எந்தெந்த மாடிக்கு எத்தனை விழுக்காடு போகிறது என்று பார்க்கிறோம். ஒரு மாடிக்கு ஆற்றல் கணக்கு எதிர்பார்க்காத அளவுக்குக் கூட்டம் போனால், அந்த மாடியும் தாய்க் கருவும் அமைப்பில் நெருங்கிய உறவு என்று தெரிகிறது. சுழற்சி எண்ணும் அநேகமாகக் கைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்றால் ஏதோ பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. தமிழில் நிறமாலையியல் என்றால் இன்னும் அழகாகப் பயமுறுத்துகிறது. சாராம்சம் இவ்வளவே.

பீட்டாத் துகள்கள் ஆரம்பத்தில் விஞ்ஞானிகளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. காமாக் கதிர்கள் குறிப்பிட்ட ஆற்றல்களில் வருகையில், பீட்டாத் துகள்கள் மட்டும் பூஜ்யத்திலிருந்து ஓர் உச்ச வரம்பு வரை எல்லா ஆற்றலிலும் வருவதை 1914இல் சாட்விக் காட்டினார். மீதி ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழியாமை விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் போன்ற பெரியவர்களே யோசித்தார்கள். 1930இல் பவுலி, கண்ணில் படாத ஒரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றார். 1934இல் ஃபெர்மி அதை வைத்துக் கோட்பாடு எழுதினார். அந்தத் துகளை உண்மையில் பிடித்துக் காட்ட 1956 வரை ஆயிற்று.

நம் கொல்கத்தாவுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1934இல் ஐரீன் கியூரியும் அவர் கணவர் ஃபிரெடரிக் ஜோலியோவும் அலுமினியத்தின்மீது ஆல்ஃபாத் துகளைப் பாய்ச்சிப் பாஸ்பரஸ்-30 என்ற செயற்கைக் கதிரியக்கப் பொருளை உண்டாக்கினார்கள். அது எலெக்ட்ரானுக்குப் பதில் பாசிட்ரானை வெளியிடும் பீட்டாச் சிதைவு. நோபல் பரிசும் வாங்கித் தந்தது. அதே ஐரீன் அம்மையார்தான் 1950 ஜனவரியில் இங்கே வந்து மேகநாத சாஹாவின் அணுக்கரு இயற்பியல் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஹாஜ்ராவில் சித்தரஞ்சன் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்ததும் அதே வருகையில்தான். லேக் மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டு ஹாஜ்ரா வழியாகப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நமக்கு அண்டை மாநிலத்து மனிதர் ஒருவரையும் இங்கே சொல்லவேண்டும். சுவாமி ஞானானந்தர் காவி உடுத்த துறவி. லிவர்பூலில் மேற்சொன்ன சாட்விக்கிடமே பீட்டாக் கதிர் ஆய்வு கற்று, பிறகு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அணுக்கரு இயற்பியல் துறையை உருவாக்கியவர். பீட்டா, காமா நிறமாலை ஆய்வில் பல மாணவர்கள் பயிற்சி பெற்ற இடம் அது.

இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் வாருங்கள். காமாக் கதிரை அளக்கும் எங்கள் கருவி, மிகத் தூய ஜெர்மானியத்தால் ஆன ஒரு கட்டி. அதைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரிக்கு ஒட்டிக் குளிர்வித்தால்தான் வேலை செய்யும். நைட்ரஜன் தீராமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனி உத்தியோகம். பூஜை விடுமுறைக்கு ஊரே கூடி டாக்கு கேட்டுக்கொண்டிருக்க, யாராவது ஒருவர் வந்து நிரப்பிவிட்டுப் போகவேண்டும். உள்ளே விழும் ஒவ்வொரு காமாவின் ஆற்றலையும் அது ஒரு மின்துடிப்பாகத் தருகிறது. எண்ணிக் குவித்தால் திரையில் கோபுரங்கள் எழும்புகின்றன. 1332இல் எழும் கோபுரத்தின் அகலம் சுமார் 2 கி.எ.வோ.தான். உலகம் முழுவதும் ஜெர்மானிய அளவிகளின் தரத்தைச் சொல்வதற்கே இந்த 1332ஐத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

எந்த மூலப்பொருளும் வைக்காமல் அளவியைச் சும்மா ஓடவிட்டாலும் 1461இல் ஒரு கோபுரம் எழும்பும். அது செங்கல் சுவரிலும், வாழைப்பழத்திலும், நம் உடம்பிலும் இருக்கும் பொட்டாசியம்-40இன் கைவரிசை. அதில் 100க்கு 11 கருக்கள், உள்ளிருக்கும் எலெக்ட்ரானையே விழுங்கி ஆர்கானாக மாறும்போது வெளியிடும் காமா அது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் வினாடிக்குச் சுமார் 4000 பொட்டாசியம்-40 கருக்கள் சிதைகின்றன. ஆகவே பேரக்குழந்தை விஷயத்தில் கதிரியக்கமே இல்லாத மடி என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

ஓர் அளவி போதாது. 1173, 1332 இரண்டும் ஒரே கருவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தவையா, அல்லது தனித்தனியா? இரண்டு அளவிகளை வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் பதிவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் தெரிந்துவிடும். நிக்கலில் இரண்டுக்கும் இடைவெளி வினாடியின் லட்சம் கோடியில் சில பங்கு. எங்கள் கருவிக்கு அது ஒரே கணம்தான். இம்மாதிரி ஜோடி சேர்த்துச் சேர்த்தே படிக்கட்டைக் கட்டுகிறோம். சால்ட் லேக்கில் 1977 முதல் ஓடும் சைக்ளோட்ரானில் ஆல்ஃபாக் கற்றையால் யுரேனியத்தைப் பிளந்து, கலவையிலிருந்து அயோடினை மட்டும் வேதியியல் முறையில் பிரித்து, அது சிதைந்து உண்டாகும் செனானின் படிக்கட்டை இவ்விதம் ஆராய்ந்திருக்கிறார்கள். அயோடின்-134க்கு அரை ஆயுள் 52 நிமிடம். அதாவது வேதியியல்காரர் டீ குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் சரக்கில் கணிசமான பங்கு போயிருக்கும்.

இவ்வளவு நேர்த்தியான முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையில் பாதி இடத்தை மிச்சம் பிடித்து வைத்தேன்.

ஒரு மாடிக்குப் பீட்டாவால் நேரடியாக வந்த கூட்டம் எவ்வளவு என்று நாங்கள் நேராக அளப்பதில்லை, கழித்துப் பெறுகிறோம். அந்த மாடியிலிருந்து கீழே இறங்கிய காமாக்கள் இத்தனை, மேலிருந்து வந்து சேர்ந்த காமாக்கள் இத்தனை. வித்தியாசம் பீட்டாவின் பங்கு. நம் சங்கக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். செலவு பத்தாயிரம் ரூபாய், கையில் மீதி இல்லை. காசோலையாக வந்த நன்கொடை இரண்டாயிரம் என்று ரசீது இருக்கிறது. அப்படியானால் பாக்கி எட்டாயிரமும் ஒரே புரவலர் ரொக்கமாகக் கொடுத்தது என்று பொருளாளர் எழுதிக்கொள்கிறார். உண்மையில் உண்டியலில் நூற்றுக்கணக்கானோர் போட்ட பத்து ரூபாய்த் தாள்கள் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றும் சிறிது, யாரும் எழுதி வைக்கவில்லை. கணக்கு நேராகிவிடும், புரவலர் பெயர் மட்டும் தப்பு.

கருவிலும் இதுதான் நடக்கிறது. நிக்கல்-60 போல உச்சியில் ஒரே மாடி என்றால் தொல்லை இல்லை. மிகுந்த ஆற்றலோடு சிதையும் கருக்களில், மேலே போகப் போக மாடிகள் ஆயிரக்கணக்கில் நெருங்கிவிடுகின்றன. பீட்டாவின் கூட்டம் அவற்றில் சிதறி, ஒவ்வொன்றுக்கும் துளித் துளியாகப் போகிறது. அங்கிருந்து விழும் காமாக்கள் ஒவ்வொன்றும் மிகப் பலவீனம், ஆற்றலோ அதிகம். அதிக ஆற்றல் காமாவை ஜெர்மானியம் சரியாகப் பிடிப்பதும் இல்லை. ஆகவே அவை பதிவாகாமல் போகின்றன. விளைவு: உண்மையில் மேல் மாடிக்குப் போன கூட்டத்தைக் கீழ் மாடிக்குப் போனதாக எழுதிவிடுகிறோம்.

1977இல் ஹார்டி, ஹான்சன் முதலியோர் கம்ப்யூட்டரில் ஒரு கற்பனைக் கருவைப் படைத்து இதை நிரூபித்தார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த அந்தக் கருவை வழக்கமான முறையில் ஆராய்ந்தால் கிடைக்கும் படிக்கட்டு தப்பாக வந்தது. அந்தக் கற்பனைக் கருவுக்கு அவர்கள் வைத்த பெயர் பாண்டமோனியம். மில்டனின் காவியத்தில் நரகத்தின் தலைநகர் அது. அதுவரை வெளியாகியிருந்த எத்தனையோ சிக்கலான படிக்கட்டுகளை இனி நம்பலாமா என்று துறையே திகைத்தது. பெயர் பொருத்தம்தான்.

படிக்கட்டு தப்பானால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் அணு உலையில் தெரிகிறது.

அணு உலையில் யுரேனியமோ புளூட்டோனியமோ பிளந்து விழும் துண்டுகளில் நியூட்ரான் மிகுதி. அவை வரிசையாகப் பீட்டாச் சிதைவடைந்து நிலைபெறுகின்றன. உலையை நிறுத்தினாலும் இந்தச் சிதைவை யாரும் நிறுத்த முடியாது. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு, ஒரு மணி கழித்து ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி, ஒரு நாள் கழித்தும் அரை விழுக்காடு போல வெப்பம் வந்துகொண்டே இருக்கும். கல்பாக்கத்து 220 மெகாவாட் உலைக்கு வெப்பத் திறன் சுமார் 800 மெகாவாட். அதில் ஆறு விழுக்காடு என்றால் ஏறத்தாழ 50 மெகாவாட்.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை கல்பாக்கத்தில் புகுந்தபோது இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் பம்பு அறைக்குள் வெள்ளம் ஏறியது, உலை நிறுத்தப்பட்டது, குளிர்விப்பு தொடர்ந்தது, உலைக்கு ஆபத்தில்லை. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பலியாயின. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தின்போதே ஓடிக்கொண்டிருந்த உலைகள் சரியாக நின்றன. பின்னால் வந்த அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அங்கே உருக்கியது பீட்டாச் சிதைவின் வெப்பம்.

ஆகவே நிறுத்திய பிறகு எந்த வினாடியில் எவ்வளவு வெப்பம் என்று முன்கூட்டியே கணக்கிடவேண்டும். நூற்றுக்கணக்கான துண்டுக் கருக்கள் ஒவ்வொன்றும் பீட்டாவாக எவ்வளவு, காமாவாக எவ்வளவு ஆற்றல் தருகிறது என்ற அட்டவணை தேவை. பீட்டா, எரிபொருளுக்குள்ளேயே வெப்பத்தைக் கொட்டிவிடும். காமா தூரம் போய் உலோகத்தையும் கவசத்தையும் சூடாக்கும். பாண்டமோனியக் குறை இருந்தால் அட்டவணையில் காமா குறைந்தும் பீட்டா மிகுந்தும் நிற்கும். புளூட்டோனியம்-239இன் காமா வெப்பத்தை நேரே அளந்ததற்கும், அட்டவணையிலிருந்து கணக்கிட்டதற்கும், நிறுத்திய 4 வினாடியிலிருந்து 3000 வினாடி வரை ஒத்துவராமலே இருந்தது. டெக்னீசியத்தின் சில ஐசோடோப்புகள்மீது சந்தேகம் விழுந்தது.

இதற்கு மருந்து வேறு வகையான அளவி. தனித்தனிக் கோபுரங்களைத் துல்லியமாகப் பிரிக்கும் ஆசையை விட்டுவிட்டு, சோடியம் அயோடைடு போன்ற ஒளிரும் படிகத்தைப் பெரிய பானை மாதிரி செய்து, மூலப்பொருளை நடுவில் வைத்துவிடுவது. ஒரு கருவிலிருந்து விழும் காமாக்கள் எல்லாம் பானைக்குள்ளேயே அகப்படும், கூட்டுத்தொகைதான் பதிவாகும். கோபால்ட்-60ஐ வைத்தால் 1173, 1332 என்று இரண்டு கோபுரங்களுக்குப் பதில் 2505இல் ஒன்று எழும். எந்த மாடியில் பிறந்தது என்பது நேராகத் தெரிந்துவிடுகிறது. சில்லறையாக வந்தாலும் உண்டியலை மொத்தமாகக் கவிழ்த்து எண்ணுகிற முறை. 1970ஐ ஒட்டியே இதை முயன்றிருக்கிறார்கள் என்றாலும், நல்ல படிகங்களும் கம்ப்யூட்டர்களும் வந்த பிறகுதான் பலன் தந்தது.

ஸ்பெயின் நாட்டு வாலென்சியா குழுவினரும் கூட்டாளிகளும் பின்லாந்தின் யுவாஸ்கூலா ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியக் கருக்களைச் சுத்தமாகப் பிரித்து இந்த முறையில் அளந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். டெக்னீசியம்-105 ஒரு சிதைவுக்குச் சராசரியாகத் தரும் காமா ஆற்றல் அட்டவணையில் சுமார் 670 கி.எ.வோ. என்றிருந்தது, அளந்தபோது 1800க்கு மேல் வந்தது. அரை ஆயுள் ஏழரை நிமிடம்தான். நிறுத்திய உலையில் முக்கியமான நிமிடங்கள் அவை. டெக்னீசியம்-104க்கு 1900 அளவில் இருந்தது 3200ஐத் தாண்டியது. இந்த எண்களைப் போட்டதும் புளூட்டோனியக் கணக்கில் இருந்த பள்ளத்தின் பெரும்பகுதி நிரம்பிவிட்டது. யுரேனியம்-235இன் கணக்கு அவ்வளவாக அசையவில்லை. புளூட்டோனியம் பிளக்கும்போதுதான் இந்த டெக்னீசியங்கள் அதிகம் உண்டாகின்றன. கல்பாக்கத்தில் எழுப்பியுள்ள வேக ஈனுலையின் எரிபொருளில் புளூட்டோனியம் சேர்ந்திருப்பதால் நமக்கும் இது ஊரார் வீட்டுச் செய்தி அல்ல.

இன்னும் அளக்கவேண்டிய கருக்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி 2007இல் வல்லுநர் குழு ஒன்று ஒரு பட்டியல் தந்தது. புரோமின், ருபிடியம், நையோபியம், அயோடின் என்று அதில் பல பெயர்கள். அரை ஆயுள் சில வினாடிகள் மட்டுமே உள்ளவையும் உண்டு. அவற்றை உண்டாக்கும் இடத்திலேயே பிரித்து, அங்கேயே பானைக்குள் இறக்கவேண்டும். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக அளந்து அடித்துக்கொண்டு வருகிறார்கள்.